'நல்லா இருக்கு' மட்டும் போதாது: நண்பர் எழுதிய திரைக்கதைக்குக் கருத்துச் சொல்வது எப்படி?

ஷா ஆலம் - பகலில் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை. இரவில் கணினி முன் அமர்ந்து திரைக்கதை. ஷா ஆலம், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் என்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் இப்படி எழுதும் தமிழ் இளைஞர்கள் இருக்கிறார்கள். எழுதி முடித்ததும் அவர்கள் செய்யும் முதல் வேலை, அதைப் புலனத்தில் நெருங்கிய நண்பர் ஒருவருக்கு அனுப்பி "படிச்சிட்டுச் சொல்லுங்கண்ணே" என்று கேட்பதுதான்.

பெரும்பாலும் இரண்டு விதமான பதில்தான் வருகிறது. ஒன்று, "சூப்பர் தம்பி, நல்லா இருக்கு". மற்றொன்று, "இதெல்லாம் ஓடாதுப்பா". முதல் பதில் மனத்தைக் குளிரவைக்கிறது. இரண்டாவது பதில் பேனாவைக் கீழே வைக்கச் செய்கிறது. திரைக்கதையின் எந்தப் பக்கத்தில் என்ன குறை என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

அந்தக் குறை எங்கும் போய்விடாது. படம் திரையரங்குக்கு வந்த பிறகு, பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர் அதை முகநூலில் எழுதுவார். அதற்குள் சேமிப்பும் கடனும் படப்பிடிப்பில் கரைந்திருக்கும். தாளில் இருக்கும்போது ஒரு காட்சியை நீக்க ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. எடுத்து முடித்த காட்சியை நீக்கினால் அன்றைய நாளின் கூலி, வாடகை, சாப்பாடு அத்தனையும் வீண். ஆகவே, படமாகும் முன்பே ஒருவர் உண்மையைப் பதமாகச் சொல்வது எழுதியவருக்குச் செய்யும் பேருதவி.

*நமக்குப் புதிதல்ல*

அடுத்தவர் எழுத்தைப் படித்துக் குறை நிறை சொல்லும் பழக்கம் மலேசியத் தமிழருக்குப் புதிதல்ல. 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழில், 1950ஆம் ஆண்டு சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கதை எழுத விரும்பியவர்களுக்கு நாளிதழ் வழியாகவே பயிற்சி தந்து, அவர்கள் எழுதியதைத் தரம் பார்த்த முயற்சி அது. நாட்டின் சிறுகதை வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் இன்றும் அந்த வகுப்பைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை.

அடுத்து, தமிழகத்தின் முன்னணி எழுத்தாளர் கு. அழகிரிசாமி 1952இல் 'தமிழ் நேசன்' ஆசிரியர் பொறுப்பேற்று மலாயா வந்தார். 1957 வரை இங்கிருந்த அவர், உள்ளூர் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தி, கதைகளைப் பேசவும் விவாதிக்கவும் வழி செய்தார்.

சிறுகதைக்கு அன்று கிடைத்த அந்த அக்கறை, இன்று திரைக்கதைக்கும் தேவைப்படுகிறது. சொல்வதற்குக் கதை நிறையவே இருக்கிறது. ஷா ஆலமையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களாக இருந்த நிலம், 1978இல் சிலாங்கூரின் தலைநகரானது; 2000இல் மாநகர் தகுதி பெற்றது. தோட்டம் போனாலும் அதன் பெயர் முழுதாகப் போய்விடவில்லை. செக்‌ஷன் 7இல் உள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் மிட்லண்ட்ஸ் தோட்டத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இந்த மாற்றத்தில் சிக்கிய வாழ்க்கையைப் படமாக்கி வெற்றி கண்டவர்களும் உண்டு. தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் கதை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015), தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகள் 1990களின் தொடக்கத்தில் என்ன ஆனார்கள் என்பதை ஒரு சிறுவன் வழியாகக் காட்டியது. அப்படம் 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது.

*சிறுகதை வேறு, திரைக்கதை வேறு*

கருத்துச் சொல்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தாம் படிப்பது கதைப் புத்தகம் அல்ல என்பதைத்தான். திரைக்கதை என்பது படம் எடுப்பதற்கான வரைபடம். அதில் கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் மட்டுமே இருக்க முடியும். "பழைய நினைவுகளால் அவர் நெஞ்சு கனத்தது" என்று சிறுகதையில் எழுதலாம். திரைக்கதையில் அந்தக் கனத்தைக் கேமரா எப்படிக் காட்டும்? அவர் என்ன செய்கிறார், எதைத் தொடுகிறார், எதைப் பேசாமல் விடுகிறார் என்று எழுதினால்தான் நடிகர் நடிக்க முடியும்.

நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அனைத்துலக அளவில் புழங்கும் திரைக்கதை அமைப்பில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம். 110 பக்கம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கு தெரிந்தால், "கொஞ்சம் இழுக்குது" என்பதற்குப் பதிலாக, "கதாநாயகனின் சிக்கல் 35ஆம் பக்கத்தில்தான் தொடங்குகிறது, அரை மணி நேரத்துக்கு மேல் பார்வையாளர் காத்திருக்க வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லலாம்.

*படிக்கும் முன் கேட்க வேண்டியவை*

கோப்பைத் திறக்கும் முன் எழுதியவரிடம் மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. இது எத்தனையாவது வரைவு? எதைப் பற்றிக் கருத்து வேண்டும்? எப்போதைக்குள் வேண்டும்?

முதல் வரைவு என்றால் கதை நிற்கிறதா என்று பார்த்தால் போதும். அடுத்த மாதம் படப்பிடிப்பு என்றால், "கதாநாயகியின் பாத்திரத்தை முழுதாக மாற்றுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. இருக்கும் காட்சிகளை எப்படிக் கூர்மையாக்கலாம் என்பதே அப்போது உதவும். நேரமில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுவதே மரியாதை. வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் பதில் சொல்லாமல் இருந்தால், எழுதியவர் அந்த மௌனத்தையே மோசமான விமர்சனமாக எடுத்துக்கொள்வார்.

முதல் தடவை கையில் பேனா இல்லாமல், பார்வையாளராக ஒரே மூச்சில் படிக்க வேண்டும். எங்கே சிரிப்பு வந்தது, எங்கே கைப்பேசியை எடுக்கத் தோன்றியது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் தடவைதான் பக்க எண்ணோடு குறிப்பெடுக்க வேண்டும். முதல் வாசிப்பின் உணர்வு ஒரு தடவைதான் கிடைக்கும். அதைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது.

*ஓர் எடுத்துக்காட்டு*

கற்பனையாக ஒரு திரைக்கதையை எடுத்துக்கொள்வோம். தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போகிறது. லயத்து வீட்டை விட்டு ஒரு குடும்பம் ஷா ஆலமில் ஓர் அடுக்குமாடியின் ஐந்தாவது மாடிக்குக் குடிவருகிறது. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய அப்பா, இப்போது ஒரு தொழிற்சாலையில் இரவு நேர ஜாகா. மூன்றாம் பக்கத்தில், அம்மா லயத்துக் கொல்லையில் இருந்த கறிவேப்பிலைக் கன்றைப் பால்டின்னில் வைத்து எடுத்து வருகிறார். 40ஆம் பக்கத்தில் மூத்த மகன் குண்டர் கும்பலில் சேர்கிறான். 85ஆம் பக்கத்தில் அப்பா ஒன்றரைப் பக்கம் பேசுகிறார். மகன் அழுது திருந்துகிறான்.

இதற்குப் பயன்படாத கருத்துகள் எப்படி இருக்கும்? "செண்டிமெண்ட் கூடிப்போச்சு." "கேங்ஸ்டர் கதை போரடிச்சிருச்சு." "கடைசியில அப்பாவைக் கொன்னுடுங்க, மாஸா இருக்கும்." முதல் இரண்டும் தீர்ப்பு, எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. மூன்றாவது, கருத்துச் சொல்பவர் தம் மனத்தில் ஓட்டிப் பார்த்த வேறொரு படம்.

பயன்படும் கருத்து இப்படி இருக்கும்: "தம்பி, மூணாம் பக்கத்துல அம்மா கறிவேப்பிலைக் கன்னைக் கொண்டு வந்தது மனசுல நின்னுச்சு. வீட்டையே தூக்கிட்டு வர்ற மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் அந்தக் கன்னு எங்கே போச்சுன்னு கடைசிவரைக்கும் தேடிக்கிட்டே இருந்தேன்."

அடுத்து: "85ஆம் பக்கம் வரைக்கும் அப்பா அதிகம் பேசாத மனுஷன். அங்கே மட்டும் ஒன்றரைப் பக்கம் பேசுறாரு. பேசறது அப்பாவா, எழுதினவரான்னு எனக்குச் சந்தேகம் வந்துச்சு. மகன் மனசு மாறினதை அதனால நம்ப முடியல."

பிறகு ஒரு கேள்வி: "மகன் கும்பல்ல எதைத் தேடிப் போறான்? காசா, மரியாதையா, பயமா? 40ஆம் பக்கத்துல அது எனக்குத் தெரியல."

இந்த மூன்று கருத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. பக்க எண் இருக்கிறது. படித்தவருக்கு என்ன ஆனது என்பது இருக்கிறது. எப்படி மாற்ற வேண்டும் என்ற கட்டளை இல்லை. "நம்ப முடியவில்லை" என்பதோடு எழுதியவர் சண்டை போட முடியாது. அது படித்தவரின் அனுபவம். ஆனால், ஏன் நம்ப முடியவில்லை என்று யோசிக்கும்போது, அந்தக் கறிவேப்பிலைக் கன்றையே 85ஆம் பக்கத்தில் பயன்படுத்தலாமே என்று அவருக்கே தோன்றக்கூடும். அந்த வழி அவருடையதாக இருந்தால்தான் படமும் அவருடையதாக இருக்கும்.

*பெரியது முதலில், சிறியது பிறகு*

பலர் திரைக்கதையைக் கையில் எடுத்ததும் ஒற்றுப்பிழையைத்தான் திருத்தத் தொடங்குகிறார்கள். நீக்கப்பட வேண்டிய காட்சியில் எழுத்துப்பிழை திருத்துவது, இடிக்கப் போகும் சுவருக்குச் சாயம் அடிப்பது போன்றது.

கதையின் மையம் என்ன, யாருக்கு என்ன வேண்டும், யார் அல்லது எது தடுக்கிறது என்பதை முதலில் பேச வேண்டும். அடுத்தது காட்சிகளின் வரிசையும் வேகமும். அதன் பிறகு வசனம். எழுத்துப்பிழை கடைசி.

நிறைகளைச் சொல்வதும் வெறும் உபசாரம் அல்ல. எது நன்றாக இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லாவிட்டால், அடுத்த வரைவில் எழுதியவர் அதையே வெட்டிவிட வாய்ப்புண்டு. "அம்மா பாத்திரம் நல்லா இருக்கு" என்பதைவிட, "அம்மா மின்தூக்கியில் ஏறப் பயந்து ஐந்து மாடியும் படியேறும் காட்சியைத் தொடவே வேண்டாம்" என்பது பாதுகாக்க வேண்டியதை அடையாளம் காட்டுகிறது.

குறிப்புகள் இருபது, முப்பது என்று சேர்ந்துவிட்டால் அவற்றுள் முக்கியமான மூன்றையோ நான்கையோ முதலில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் எழுதியவருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

*அடுத்தவர் சொல்படி மாற்றினால் என்ன ஆகும்?*

இதற்கு உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி' படத்தை உருவாக்கியபோது, பணம் போட்ட டிஸ்னி தரப்பிலிருந்து கதையை இன்னும் காரசாரமாக்கச் சொல்லித் தொடர்ந்து கருத்துகள் வந்தன. பிக்சார் குழுவும் அவற்றைப் பின்பற்றி மாற்றிக்கொண்டே போனது. 1993 நவம்பர் 19ஆம் நாள் அதுவரை முடித்ததைத் திரையிட்டுக் காட்டியபோது, கதாநாயக பொம்மையான வூடி யாராலும் விரும்ப முடியாத அளவுக்குக் கொடியவனாக மாறியிருந்தான். தயாரிப்பு நிறுத்தப்பட்டது. பிறகு அக்குழு தாங்கள் முதலில் எடுக்க விரும்பிய படத்துக்கே திரும்பித் திரைக்கதையை மாற்றி எழுதியது. 1995இல் வெளிவந்த படம் பெரும் வெற்றி பெற்றது.

பின்னாளில் பிக்சாரில் 'பிரெயின் டிரஸ்ட்' என்ற கருத்துக்குழு வேரூன்றியது. இயக்குநர்களும் கதாசிரியர்களும் ஒன்றுகூடி, உருவாகிவரும் படத்தைப் பார்த்து ஒளிவுமறைவின்றிப் பேசுவார்கள். ஆனால், அக்குழுவுக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. சொன்னதை ஏற்பதா இல்லையா என்பதை இயக்குநரே முடிவு செய்வார். அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த எட் கேட்மல் 2014இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கியிருக்கிறார்.

இந்தியாவிலும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் திரைக்கதைப் பட்டறை நடத்தி வந்திருக்கிறது. எழுத்தாளருக்கு ஓர் அனுபவசாலியைத் துணை சேர்த்து, வரைவு வரைவாக வளர்க்கும் முறை அது. ரிதேஷ் பத்ராவின் 'தி லஞ்ச்பாக்ஸ்' (2013) அப்படிப்பட்ட பட்டறை வழியாக வந்த படம்தான்.

*நம் பேச்சைத் திருத்தலாமா?*

உள்ளூர்த் திரைக்கதைகளுக்குக் கருத்துச் சொல்லும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது மொழி. நம்மில் பலர் சென்னைப் படங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அதனால், மலேசியப் பாத்திரம் மலேசியத் தமிழில் பேசினால் "படத்துக்குச் சரிவராது" என்று தோன்றிவிடுகிறது. தோட்டத்துக் கிராணியைச் சென்னைத் தமிழ் பேச வைத்தால் அவர் கிராணியாக இருக்க மாட்டார். 'ஜகாட்' என்ற தலைப்பே, கெட்டது என்று பொருள்படும் 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல் நம்மவர் நாவில் மாறிய வடிவம். அதைத் தூய தமிழாக்கியிருந்தால் அந்தச் சிறுவனின் உலகம் தலைப்பிலேயே தொலைந்திருக்கும்.

பிரட்டு, தண்டல், தாமான், பசார் என்று பாத்திரம் இயல்பாகப் பேசும் சொற்களைப் பிழை என்று கருதிச் சிவப்புக் கோடு போடக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அப்பாவும் மகனும் ஒரே மாதிரிப் பேசுகிறார்களா? லயத்தில் பிறந்த அப்பாவின் பேச்சும், ஷா ஆலமில் வளர்ந்த மகனின் பேச்சும் வேறுபட வேண்டும். பெயரை மறைத்துவிட்டு வசனத்தை வாசித்தால், பேசுவது யார் என்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

*நம்பிக்கைதான் அடித்தளம்*

வெளிவராத திரைக்கதையை ஒருவர் கையில் கொடுப்பது, வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றது. எழுதியவரைக் கேட்காமல் அதை வேறு புலனக் குழுவுக்கு அனுப்புவதும், அதன் கதையை மாமாக் கடையில் நான்கு பேரிடம் சொல்வதும் அந்த நம்பிக்கையை உடைத்துவிடும்.

கதை யாருடையது என்ற வழக்கு பெரிய படங்களையும் விட்டதில்லை. 2018 தீபாவளிக்கு வெளிவந்த 'சர்கார்' படத்தின் கதை, வருண் ராஜேந்திரன் 2007இல் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்த 'செங்கோல்' கதையோடு ஒத்திருப்பதாக அப்போதைய சங்கத் தலைவர் கே. பாக்யராஜ் தெரிவித்தார். இயக்குநர் ஏ.ஆர். முருகதாஸ் அதை மறுத்தார். இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டது. 'செங்கோல்' ஏற்கெனவே பதிவாகியிருந்ததுதான் வருணுக்குக் கைகொடுத்தது.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் எழுதப்பட்ட திரைக்கதையைப் பாதுகாக்கிறது. வெறும் யோசனையைப் பாதுகாப்பதில்லை. வாயால் சொன்ன கதைக் கருவுக்குப் பாதுகாப்பு கேட்பது கடினம். எழுதி முடித்த திரைக்கதையை, 2012 முதல் நடப்பில் உள்ள தன்னார்வ அறிவிப்பு முறையின் கீழ் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். இதைச் செய்த பிறகு திரைக்கதையைக் காட்டுவது, கொடுப்பவருக்கும் நிம்மதி; வாங்கிப் படிப்பவருக்கும் நிம்மதி.

*கேட்பவருக்கும் ஒரு பொறுப்பு*

கருத்துக் கேட்டவர் செய்யக்கூடாத முதல் காரியம், வாதாடுவது. "நீங்க சரியா படிக்கலண்ணே, 40ஆம் பக்கத்துல அதுதான் அர்த்தம்" என்று விளக்கினால் அந்த அண்ணனுக்குப் புரியலாம். ஆனால், திரையரங்கில் ஒவ்வோர் இருக்கைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க முடியாது. சொல்வதைக் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பதே சிறந்தது.

எல்லாக் கருத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய விருப்பமாக இருக்கலாம். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே பக்கத்தில் தடுக்கினால், அந்தப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருக்கலாம். அவர்கள் காட்டும் இடம் பெரும்பாலும் தவறாக இருக்காது.

இதற்குப் பெரிய அமைப்போ மானியமோ தேவையில்லை. எழுதும் ஆர்வமுள்ள நான்கு பேர் மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடினால் போதும். ஒருவர் எழுதியதை மற்ற மூவர் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு வாய்விட்டு வாசிக்கலாம். நாக்குத் தடுக்கும் வசனமும், யாரும் சிரிக்காத நகைச்சுவையும் அங்கேயே தெரிந்துவிடும். எழுதியவர் அன்று வாய் திறக்காமல் கேட்க வேண்டும். அடுத்த மாதம் இன்னொருவரின் முறை.

தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்களின் கதையை எழுத இன்று பேரப்பிள்ளைகள் முன்வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் தாள்களைப் பொறுமையாகப் படித்து, எந்தப் பக்கத்தில் மனம் ஒன்றியது, எந்தப் பக்கத்தில் விலகியது என்று நேர்மையாகச் சொல்ல ஆள் இருந்தால், அந்தக் கதைகளில் சிலவாவது நல்ல படங்களாகும்.